தலையில்லாத தொப்பை: உடல் பருமனைச் செய்தி ஊடகங்கள் காட்டும் விதம்

செய்தி எதுவாகவும் இருக்கட்டும். நீரிழிவு பெருகுகிறது என்று ஓர் ஆய்வு, எடை குறைக்கும் புது ஊசிக்கு அனுமதி, பள்ளிப் பிள்ளைகளின் எடை பற்றி ஓர் அரசு அறிக்கை. 'உடல் பருமன்' தலைப்பில் வந்துவிட்டால், அதோடு வரும் படம் கிட்டத்தட்ட ஒன்றேதான். நெஞ்சுக்குக் கீழே தொடங்கி முழங்காலுக்கு மேலே முடிந்துபோகும் ஓர் உடல். பொத்தான்கள் இழுபட்டு நிற்கும் சட்டை, பெல்ட்டைத் தாண்டி வழியும் தொப்பை. சில சமயம் நடைபாதையில் போகிறவரைப் பின்னாலிருந்து எடுத்திருப்பார்கள். சில சமயம் கையில் ஏதாவது தின்பண்டம் இருக்கும். தலை மட்டும் இருக்காது.

இதில் சதி எதுவும் இல்லை, செய்தி அறையின் அவசரம்தான். மாலையில் ஏஜென்சி வழியாகச் செய்தி வந்து விழுகிறது. பக்கத்தை முடிக்கச் சற்று நேரமே இருக்கிறது. செய்தியை எழுதியவர் ஒருவர், படம் தேடுகிறவர் வேறொருவர். அவர் படக் களஞ்சியத்தில் தேடுசொல்லைத் தட்டி, முதல் இரண்டு வரிசையில் வருவதில் ஒன்றை எடுத்து, 'கோப்புப் படம்' என்று கீழே போட்டுவிடுகிறார். தெருவில் போனவரைக் கேட்காமல் எடுத்த படம் என்றால் முகம் தெரியக்கூடாது, வழக்கு வரும். ஆகவே கழுத்தோடு வெட்டு. அந்த ஆளுக்குத் தான் செய்கிற மரியாதை இது என்றுகூட அவர் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் செய்திப் படங்களில் வழக்கமாக யாருடைய முகத்தை மறைக்கிறோம்? குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் முகத்தை, வன்கொடுமைக்கு ஆளானவரின் முகத்தை. வெளியே தெரிந்தால் அவமானம், ஆபத்து என்கிற இடங்களில்தான் முகத்தை மறைக்கிறோம். நோய் ஏதும் இல்லாமல் தெருவில் நடந்துபோன ஒருவரின் உடலுக்கும் அதே மறைப்பைப் போடும்போது, அந்த உடலே அவமானம் என்று எழுதாமலேயே எழுதியாகிவிட்டது. பிரிட்டனைச் சேர்ந்த எழுத்தாளரும் செயற்பாட்டாளருமான சார்லட் கூப்பர் 2007-ல் இந்தப் படங்களுக்கு 'ஹெட்லெஸ் ஃபேட்டி' என்று பெயர் வைத்தார். தலையில்லாத குண்டர்கள். குண்டாக இருப்பவர்கள் தங்களைக் கிண்டல் செய்யப் பிறர் பயன்படுத்தும் சொல்லையே எடுத்து, ஊடகத்தைக் கிண்டல் செய்த பெயர் அது. ஒருமுறை அந்தப் பெயரைக் கேட்டுவிட்டால் பிறகு நாளிதழைப் புரட்டும்போது அந்தப் படங்கள் கண்ணில் படாமல் போகாது.

இது ஒருவரின் உணர்வு மட்டுமல்ல. உணவுக் கொள்கை, உடல் பருமன் பற்றி ஆராயும், யேல் பல்கலைக்கழகத்தில் அப்போது இயங்கிவந்த ரட் மையத்தின் ஆய்வாளர்கள், பெரிய செய்தித் தளங்களில் உடல் பருமன் செய்திகளோடு வந்த படங்களை ஒவ்வொன்றாக வகைப்படுத்தி 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பருமனான மனிதர்களைக் காட்டிய படங்களில் 72 சதவீதம் அவர்களை இழிவாகக் காட்டின. ஒல்லியானவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுடைய தலை வெட்டப்பட்டிருப்பதும், வயிறு அல்லது இடுப்புக்குக் கீழே மட்டும் காட்டப்படுவதும், சாப்பிட்டுக்கொண்டோ குடித்துக்கொண்டோ இருப்பதும் மிக அதிகம். இன்னொரு விஷயமும் தெரியவந்தது. அலுவலக உடையிலோ, நிபுணராகவோ, பத்திரிகையாளராகவோ இவர்கள் காட்டப்படுவது மிகக் குறைவு. பருமன் பற்றிப் பேச வருகிற மருத்துவர் ஒல்லி. அவர் யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவருக்குத் தலையே இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு காணொளிச் செய்திகளைப் பார்த்தபோது, பருமனான பெரியவர்களில் 65 சதவீதத்தினரும், பிள்ளைகளில் 77 சதவீதத்தினரும் இப்படித்தான் காட்டப்பட்டிருந்தார்கள். பிள்ளைகளின் சதவீதம் பெரியவர்களுடையதைவிட அதிகம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

படம் வெறும் அலங்காரம்தானே, செய்தி சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்று காட்டிய ஒரு சோதனையும் 2011-ல் வந்தது. எல்லோருக்கும் படிக்கக் கொடுத்தது யாரையும் குறைசொல்லாத ஒரே செய்திதான். படம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. இழிவாகக் காட்டும் படத்தோடு படித்தவர்கள், படித்து முடித்ததும் பருமனானவர்கள் மேல் கூடுதல் வெறுப்பைக் காட்டினார்கள். நிருபர் பத்துப் பத்தி எழுதிக் கவனமாகக் கட்டிய சமநிலையை ஒரு 'கோப்புப் படம்' கவிழ்த்துவிடுகிறது.

உடல் பருமன் செய்திகளைப் பற்றிய என் வாதமும் இதை ஒட்டியதுதான். சிக்கல் பெரும்பாலும் நிருபரின் மனசாட்சியில் இல்லை. படம், தலைப்பு, எண், ஆள் கதை என்று செய்தி தயாராகும் முறையிலேயே இருக்கிறது. எழுதியவை எல்லாம் உண்மையாக இருந்தும் வாசகர் தவறான காரணத்தோடு எழுந்து போக முடியும்.

இரண்டு கேள்விகள், ஒரே பதில்

உடல் பருமன் ஏன் வருகிறது என்பதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒரே ஊரில், ஒரே கடையில் வாங்கிச் சாப்பிடும் இரண்டு பேரில் ஒருவர் ஏன் குண்டாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருக்கிறார் என்பது முதல் கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட எல்லோருமே ஏன் கனத்திருக்கிறோம் என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதிலின் பெரும்பகுதி மரபணுவில் இருக்கிறது. சிறுவயதிலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களை ஆராய்ந்து ஆல்பர்ட் ஸ்டங்கார்டின் குழு 1990-ல் வெளியிட்ட கட்டுரை இதில் முக்கியமானது. தனித்தனியாக வளர்ந்தும் ஒருகரு இரட்டையர்களின் உடல் நிறை குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு), சேர்ந்து வளர்ந்தவர்களுடையதைப் போலவே ஏறக்குறைய ஒத்திருந்தது. எந்த வீட்டில் வளர்ந்தார்கள் என்பது பெரிதாக எதையும் மாற்றவில்லை. எடை வேறுபாட்டில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபு சார்ந்தது என்று இன்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு மரபணு பதிலாகாது. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. 1990-க்குப் பிறகு உலகில் பெரியவர்களிடையே உடல் பருமன் இரட்டிப்புக்கும் மேல் ஆகிவிட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-ல் 89 கோடிப் பெரியவர்கள் அந்தக் கணக்கில் வந்தார்கள். இங்கே மாறியது சூழல். மலிவான, கலோரி செறிந்த, எங்கும் எப்போதும் கிடைக்கிற உணவு, உட்கார்ந்தே செய்கிற வேலை, நடக்க இடமில்லாத நகரம், விளம்பரம், தூக்கம், சில மருந்துகள். யாருடைய உடல் இந்தச் சூழலுக்கு அதிகம் வளைந்துகொடுக்கிறது என்பதை மரபணு தீர்மானிக்கிறது.

செய்தியில் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் வருகிறது: மனக்கட்டுப்பாடு இல்லை. அப்படியானால் எல்லாக் கண்டங்களிலும் உள்ள மனிதர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் மனக்கட்டுப்பாட்டை இழந்தார்கள் என்றாகிறது. அதை யாரும் எழுத்தில் சொல்வதில்லை. ஆனால் 'எடை குறைக்க ஐந்து வழிகள்' என்கிற பெட்டிச் செய்தி பக்கத்தில் வந்துவிட்டால் அதுதான் பொருள்.

சமூகவியலாளர்கள் அபிகெய்ல் சாகியும் கியெர்ஸ்டின் குரூய்ஸும் 2010-ல் செய்த ஓர் ஒப்பீட்டை இங்கே நினைவுபடுத்தலாம். நியூயார்க் டைம்ஸிலும் நியூஸ்வீக்கிலும் 1995 முதல் 2005 வரை வந்த செய்திகளில், உண்ண மறுத்து மெலிந்துபோகும் அனோரெக்சியா நோயாளிகளையும் பருமனானவர்களையும் பற்றி எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மெலிந்த பெண்ணின் கதையில் மரபணு, குடும்பம், அழகு பற்றிய சமூக அழுத்தம் எல்லாம் காரணமாக வந்தன, அவள் பாதிக்கப்பட்டவள். பருமனானவரின் கதையில் அவரே காரணம். இரண்டுமே உணவும் உடலும் சம்பந்தப்பட்ட விஷயங்கள்தான். மெலிந்தவள் பெரும்பாலும் வசதியான வெள்ளை இனக் குடும்பத்துப் பெண்ணாகவும், பருமனானவர் ஏழையாகவோ கறுப்பினத்தவராகவோ சித்திரிக்கப்பட்டதை அவர்கள் சுட்டினார்கள். யாருக்கு இரக்கம், யாருக்கு அறிவுரை என்பதை நோய் தீர்மானிக்கவில்லை.

சூழலைப் பற்றி எழுதப் பத்திரிகைகளுக்கு ஆசையே இல்லை என்று சொல்லமுடியாது. 2000-க்குப் பிறகு உணவு நிறுவனங்கள், விளம்பரம், வரி பற்றிய செய்திகள் கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் சூழலுக்கு முகம் கிடையாது. 2007-ல் பிரிட்டன் அரசின் அறிவியல் அலுவலகம் 'ஃபோர்சைட்' என்ற திட்டத்தின் கீழ் ஒரு வரைபடம் வெளியிட்டது. பருமனுக்குக் காரணமாகும் நூற்றுக்கும் மேற்பட்ட அம்சங்களைக் கோடுகளால் இணைத்திருந்தார்கள். பார்த்தால் நூல்கண்டைப் பூனையிடம் கொடுத்தது போல இருக்கும். ஆனால் உண்மைக்கு அருகில் இருந்த படம் அதுதான். எந்த நாளிதழால் அதை மூன்று பத்தி அகலத்தில் அச்சிட முடியும்? தனிமனிதர் மேல் மட்டும் பழி போட முடியாது என்ற அந்த அறிக்கையின் வாதத்தைச் சில ஊடகங்கள் தலைப்பிலேயே சொன்னதை மறுக்கக்கூடாது. ஆனாலும் அது அடுத்தடுத்த ஆண்டுகளில் மேற்கோள் காட்டப்பட்டது பெரும்பாலும் ஒரு கணிப்புக்காகத்தான்: 2050-க்குள் ஆண்களில் 60 சதவீதமும் பெண்களில் 50 சதவீதமும் பருமனாகிவிடுவார்கள்.

நான்கு லட்சம் என்ற எண்ணின் கதை

செய்தி அறைக்கு எண் பிடிக்கும். பெரிய எண் இன்னும் பிடிக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள், மையத்தின் இயக்குநரும் சேர்ந்து, 2004 மார்ச்சில் ஜாமா மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புகையிலையால் 4,35,000 பேரும், மோசமான உணவாலும் உடலுழைப்பு இல்லாததாலும் 4,00,000 பேரும் இறந்தார்கள் என்றது அது. மறுநாளே உலகம் முழுக்கச் செய்தி. பருமன் புகையிலையை முந்தப்போகிறது என்ற வடிவத்தில்தான் பெரும்பாலும் அது போய்ச்சேர்ந்தது. கட்டுரையில் இருந்தது 'உணவும் உழைப்பின்மையும்'; செய்தியில் அது 'குண்டு' ஆனது.

பத்து மாதம் கழித்து, 2005 ஜனவரியில், கணக்கீட்டில் பிழை என்று அதே இதழில் திருத்தம் வந்தது. எண் 3,65,000 ஆகக் குறைந்தது. ஏப்ரலில் அதே மையத்தைச் சேர்ந்த கேத்ரின் ஃப்ளீகலின் குழு, வேறு தரவும் வேறு முறையும் கொண்டு செய்த கணக்கை அதே ஜாமாவில் வெளியிட்டது. பருமனால் கூடுதலாக நேர்ந்த மரணங்கள் சுமார் 1,12,000. அதைவிட வியப்பு என்னவென்றால், பருமனுக்கு ஒரு படி கீழே உள்ள 'அதிக எடை' பிரிவினரிடையே, சராசரி எடை உள்ளவர்களைவிட மரணம் குறைவாக இருந்தது. சுமார் 86,000 குறைவு.

ஒரே நிறுவனம், ஒரே இதழ், பதிமூன்று மாதம். எண் கால்வாசிக்கு இறங்கிவிட்டது. ஆனால் நான்கு லட்சம் என்பது சாகவில்லை. திருத்தம் வந்த பிறகும் அது பேச்சுகளிலும் செய்திகளிலும் உலவிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் வந்த எண்ணின் திருத்தம் முதல் பக்கத்தில் வருவதில்லை என்பது பத்திரிகை படிக்கிற எவருக்கும் தெரிந்ததே.

எதிர்த் தரப்பு மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடக்கூடாது. சிறிய எண் வந்ததுமே, உணவுத் தொழிலின் ஆதரவில் இயங்கிய ஒரு அமெரிக்க அமைப்பு, பருமன் பற்றிய எச்சரிக்கையெல்லாம் வெறும் மிகைப்படுத்தல் என்று நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தது. ஃப்ளீகலின் கட்டுரை அதைச் சொல்லவில்லை. பருமனால் மரணம் உண்டு என்றுதான் சொன்னது, எவ்வளவு என்பதில்தான் வேறுபட்டது. 'அதிக எடை' பிரிவினரைப் பற்றிய விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. புகைபிடிக்காத, முன்பே நோய் இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2016-ல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, அந்தப் பிரிவினருக்கும் ஆபத்து கூடுதல்தான் என்றது. இந்த இழுபறியை வாசகர் 'குண்டாக இருந்தால் செத்துப்போவீர்கள்', 'கொஞ்சம் குண்டாக இருந்தால் நீண்ட நாள் வாழ்வீர்கள்' என்று மாறிமாறி வரும் இரண்டு தலைப்புகளாகத்தான் பார்க்கிறார். கடைசியில், மருத்துவர்களே தெளிவில்லாதவர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

எது அதிக எடை என்று வகுக்கும் எல்லைக்கோட்டிலும் இதே கதைதான். உடல் நிறை குறியீட்டின் சூத்திரம் பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்லே 1830-களில் மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிய வகுத்தது. தனி நோயாளியை எடைபோட அல்ல. அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தது 1972-ல் ஆன்செல் கீஸின் குழு. 1998-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் அதிக எடைக்கான கோட்டை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்பதிலிருந்து எல்லோருக்கும் 25 என்று இறக்கின. ஒரு கிராம்கூட ஏறாமல், இரண்டரைக் கோடிக்குக் குறையாத அமெரிக்கர்கள் அன்று அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவோடு ஒத்துப்போகச் செய்த மாற்றம் அது, காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அருகருகே வைத்து 'பெருகிவிட்டது' என்று எழுதுகிற செய்தியில், கோடு நகர்ந்தது பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

நண்பர்களும் உயரமும்

2007 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் நிக்கலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. 12,067 பேரை 32 ஆண்டுகள் தொடர்ந்த தரவு. நண்பர் ஒருவர் பருமனானால் நமக்கும் அப்படி ஆகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது என்றார்கள். பத்திரிகைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்! குண்டாவது தொற்றுமா, நண்பரை மாற்றவேண்டுமா என்றெல்லாம் தலைப்புகள் ஓடின.

அடுத்த ஆண்டு ஈதன் கோஹென்-கோலும் ஜேசன் ஃபிளெட்சரும் பிஎம்ஜே இதழில் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார்கள். அதே மாதிரியான கணக்கு முறையை எடுத்து, பதின்வயதினரின் முகப்பருவுக்கும் தலைவலிக்கும் உயரத்துக்கும் பொருத்திப் பார்த்தார்கள். உயரம்கூட நண்பர்கள் வழியாகத் 'தொற்றியது'. நண்பன் வளர்ந்தால் நாமும் வளர்வோம்! பொதுவான சூழலைக் கணக்கில் எடுத்ததும் இந்தத் தொற்றெல்லாம் மங்கிப்போனது. கிறிஸ்டாகிஸ் தரப்பு தங்கள் முடிவுக்கு ஆதரவாகப் பிறகு நிறையவே வாதாடியது. நட்பு வலைகளுக்கு எடையில் பங்கே இல்லை என்று நானும் சொல்லவரவில்லை. ஆனால் முதல் கட்டுரையைக் கேள்விப்பட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

திரையில் இளைப்பது

தொலைக்காட்சிக்கு வேறொரு தேவை இருக்கிறது: மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய 'தி பிக்கெஸ்ட் லூசர்' நிகழ்ச்சி இதைப் பெரிய வணிகமாக்கியது. யார் அதிகம் இளைக்கிறாரோ அவருக்குப் பரிசு. பயிற்சியாளர் கத்துவார், போட்டியாளர் அழுவார், வாரக் கடைசியில் மேடையில் ஒரு பெரிய எடை இயந்திரம். இந்த நிகழ்ச்சியின் ஒரே ஒரு பகுதியை, நாற்பது நிமிடம், பார்க்கவைத்த ஆய்வு 2012-ல் வந்தது. பார்த்தவர்களுக்குப் பருமனானவர்கள் மேல் வெறுப்பு கூடியது; எடை முழுக்க நம் கையில்தான் என்ற நம்பிக்கையும் கூடியது.

அந்த நம்பிக்கை எவ்வளவு சரி? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் அப்போது இருந்த கெவின் ஹால், அந்த நிகழ்ச்சியின் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தார். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்ப ஏறிவிட்டது. முக்கியமானது அதுவல்ல. சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல், அந்த எடைக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு ஆண்டு கழித்தும் உடல் பழைய எடைக்குத் திரும்பப் போராடிக்கொண்டிருந்தது. 2016-ல் வந்த இந்த ஆய்வைச் செய்தி ஊடகங்கள் நன்றாகவே எழுதின என்பதையும் சொல்லவேண்டும். நியாயமாக எழுத முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் மேடையில் காகிதத் துகள்கள் பறக்க ஒருவர் வென்ற காட்சியைப் பார்த்தவர்கள் பல லட்சம். ஓய்வு வளர்சிதை மாற்றம் பற்றிப் படித்தவர்கள் எத்தனை பேர்?

மருந்துச் செய்திகளில் மிகை இரண்டு பக்கமும் போகும். 1994-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு, பசியைக் குறைக்கச் சொல்லும் லெப்டின் ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு, ஊசி போட்ட எலி இளைத்தது. பந்துபோல ஓர் எலியும் அதனருகே ஒல்லியான ஓர் எலியும் இருக்கும் படம் எங்கும் வந்தது. ஆம்ஜென் நிறுவனம் உரிமத்துக்கு 2 கோடி டாலர் கொடுத்தது. ஆனால் பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகமாகவே இருந்தது. ஊசி அவர்களுக்குப் பலனளிக்கவில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிக அரிய சிலருக்கு மட்டும் அது அற்புதமாக வேலை செய்தது.

எடை குறைக்கும் ஊசியாகச் செமாக்ளுட்டைட் வந்தபோது கதை தலைகீழ். இது உண்மையிலேயே வேலை செய்கிறது: 2021-ல் வெளியான சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது, மருந்து இல்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இப்போது ஊடகங்களின் கேள்வி, இது நேர்மையான வழியா என்பது. குறுக்கு வழி, சோம்பேறி வழி, எந்த நடிகர் ரகசியமாகப் போட்டுக்கொள்கிறார்? ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்ற ஆய்வும், மருந்தின் தோல்வியாகவே எழுதப்பட்டது. மாத்திரையை நிறுத்தினால் ரத்த அழுத்தமும்தான் ஏறும். கஷ்டப்பட்டு இளைத்தால்தான் இளைத்ததாகக் கணக்கு என்ற எண்ணம், உடல்நலச் செய்தியின் உடை போட்டுக்கொண்ட ஒழுக்கப் பாடம்.

பின்னால் இருக்கும் பணம்

தனிமனிதர்மேல் பழி விழுவதில் லாபம் பார்க்கிறவர்களும் உண்டு. கோக-கோலா நிறுவனம், உணவைவிட உடற்பயிற்சியின்மையை முன்னிறுத்திய ஒரு விஞ்ஞானிகள் வலையமைப்பைத் தொடங்க 15 லட்சம் டாலர் கொடுத்ததை நியூயார்க் டைம்ஸ் 2015 ஆகஸ்டில் வெளிக்கொண்டுவந்தது. சில மாதங்களிலேயே அந்த அமைப்பு கலைக்கப்பட்டது. கொலராடோ பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. பத்திரிகையாளர்களுக்கான கருத்தரங்குகளுக்கும் அதே நிறுவனத்தின் பணம் போயிருந்ததை 2017-ல் பிஎம்ஜே வெளியிட்டது. பருமன் பற்றி எப்படி எழுதவேண்டும் என்று நிருபர்கள் கற்றுக்கொள்ளப் போன இடம் அது.

படித்தவருக்கு என்ன ஆகிறது?

வெட்கப்படுத்தினால்தான் திருந்துவார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. நல்லெண்ணத்தோடே நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பிரெண்டா மேஜரின் குழு இதைச் சோதித்து 2014-ல் வெளியிட்டது. பெண்களிடம் ஒரு செய்திக் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு, எடையைக் குறைக்காவிட்டால் வேலை போகும் என்ற பொருளில் ஒரு செய்தி. மறு பாதிக்கு அதே மாதிரி, ஆனால் புகைபிடித்தலைப் பற்றி. படித்துவிட்டு ஓர் அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். மேசையில் மிட்டாயும் பிஸ்கட்டும் இருந்தன. தங்களை எடை கூடியவர்களாகக் கருதிய பெண்கள், எடை பற்றிய செய்தியைப் படித்த பிறகு அதிகம் சாப்பிட்டார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்த முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் குறைந்தது. தங்களை ஒல்லியாகக் கருதியவர்களுக்கோ அந்த நம்பிக்கை கூடியது. அறிவுரை யாருக்குத் தேவையில்லையோ அவருக்கு உரமாகவும், யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவருக்கு எதிராகவும் வேலை செய்திருக்கிறது.

யேல் ஆய்வாளர்கள் 2011-ல் காணொளியை வைத்துச் செய்த சோதனையும் இதே பக்கம்தான் போனது. இழிவுபடுத்தும் காட்சிகளைப் பார்த்த எடை கூடிய பெண்கள், சாதாரணக் காட்சிகளைப் பார்த்தவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் கலோரி சாப்பிட்டார்கள். இவை ஆய்வக அறையில் சில மணி நேரத்தில் நடந்தவை. வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று இவற்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வெட்கம் மருந்து என்று சொல்கிறவர்களிடம் இந்த அளவுக்குக்கூட ஆதாரம் இல்லை.

சிகரெட்டை உதாரணம் காட்டுவார்கள். புகைபிடிப்பவர்களைச் சமூகம் ஒதுக்கியதால்தானே அது குறைந்தது? பெருமளவு குறைந்தது வரி, விளம்பரத் தடை, பொது இடத் தடை ஆகியவற்றால். அதோடு, சிகரெட்டைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் அறைக்குள் வரலாம். உடலை வாசலில் விட்டுவிட்டு வரமுடியாது. செய்தியில் உடலைக் காட்டினால் பழக்கத்தைக் காட்டியதாக ஆகாது, ஆளைத்தான் காட்டியதாகும்.

ஹார்வர்டைச் சேர்ந்த டெஸ்ஸா சார்ல்ஸ்வொர்த்தும் மஹ்ஸரின் பானாஜியும் 2007 முதல் 2016 வரை சேர்ந்த லட்சக்கணக்கான மறைமுகச் சாய்வுச் சோதனைகளை, அதாவது நாம் அறியாமலே மனதில் இருக்கும் விருப்பு வெறுப்பை அளக்கும் சோதனைகளை, ஆராய்ந்தார்கள். தன்பாலீர்ப்பு, இனம், தோல் நிறம் பற்றிய சாய்வுகள் குறைந்திருந்தன. வயது, மாற்றுத்திறன் பற்றியவை ஏறக்குறைய அப்படியே இருந்தன. எதிர்த்திசையில் நகர்ந்தது உடல் எடை பற்றிய சாய்வு மட்டும்தான். இதற்கு ஊடகம் மட்டுமே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் உடல் பருமன் பற்றிய செய்திகள் குவிந்த பத்தாண்டு அது.

இதையெல்லாம் சொல்லும்போது மறுபக்கத்துக்குச் சரிந்துவிடுவதும் எளிது. எந்த எடையும் ஆரோக்கியமே, பருமனின் ஆபத்தெல்லாம் கட்டுக்கதை என்று சமூக ஊடகங்களில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையல்ல. இரண்டாம் வகை நீரிழிவு, இதய நோய், மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் தடை, சில புற்றுநோய்கள் ஆகியவற்றோடு பருமனுக்கு உள்ள தொடர்பு உறுதியானது. பத்திரிகை அதை எழுதத்தான் வேண்டும். நுரையீரல் புற்றுநோய் பற்றி எழுதும்போது நோயாளியின் தலையை வெட்டாமல் எழுத முடிகிறது அல்லவா?

மாற்றம் நடக்காமல் இல்லை. ரட் மையமும் உலக உடல் பருமன் கூட்டமைப்பும், பருமனானவர்கள் வேலை செய்வது, சமைப்பது, மருத்துவரோடு பேசுவது என்று முகத்தோடு எடுத்த படங்களை ஊடகங்களுக்கு இலவசமாகவே கொடுக்கின்றன. 2020 மார்ச்சில் நேச்சர் மெடிசின் இதழில் வந்த பன்னாட்டுக் கூட்டறிக்கை, ஊடகங்கள் இழிவுபடுத்தும் படத்தையும் சொல்லையும் கைவிடவேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டது. ஆனால் அந்தப் படங்கள் அதிகம் எடுபடவில்லை என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. மேசை முன் உட்கார்ந்து சிரிக்கும் ஒருவரின் படம், செய்தி எதைப் பற்றியது என்பதை அரை நொடியில் சொல்லாது. தொப்பை சொல்லிவிடும்.

2025 ஜனவரியில் லான்செட் இதழ்க் குழுமத்தின் ஆணையம் ஒன்று உடல் பருமனுக்குப் புது வரையறை தந்தது. உடல் நிறை குறியீட்டை மட்டும் வைத்து யாரையும் நோயாளி என்று முடிவுகட்டக்கூடாது. இடுப்புச் சுற்றளவோ நேரடிக் கொழுப்பு அளவீடோ வேண்டும். அதற்குப் பிறகும், உறுப்புகளின் வேலை கெட்டிருந்தால்தான் நோய் நிலைப் பருமன். கெடாவிட்டால் அது நோய்க்கு முந்தைய நிலை. பெரியவர்களுக்கு 18 அளவுகோல்கள், பிள்ளைகளுக்கு 13. ஒரே எடை, ஒரே உயரம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் நோயாளி, மற்றவர் இல்லை என்று இதன்படி ஆகலாம். இந்த வரையறையை எல்லா நாடுகளும் ஏற்குமா என்பது இனிமேல்தான் தெரியும். ஏற்றால், ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்பது அவருடைய ரத்தப் பரிசோதனையிலும் மூச்சிலும் மூட்டிலும் இருக்கும். அதைத் தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று படம் எடுக்க முடியாது.